இடது முழங்கால்

பெயரில்தான் முதலில் முட்டிக்கொண்டோம்.
நான் லூர்துநாதன் ரொட்ரிகோ, உவரிக்குத் தெற்கே.
அவன் கிறிசாந்தோ ரொட்ரிகெஸ், போஹோல் தீவு.
இரண்டு ராஜாக்களின் கப்பல்கள்
இரண்டு கரைகளில்
ஏறக்குறைய ஒரே பெயரை இறக்கிவிட்டுப் போயிருக்கின்றன,
மீதிச் சில்லறையைப் போல.

எஞ்சின் அறையில் அவன் ஃபிட்டர், நான் ஆயிலர்.
டிசம்பர் பிறந்தால் வெல்டிங் கம்பியை வளைத்து
ஐந்து முனை நட்சத்திரம் கட்டுவான்.
நூடுல்ஸ் உறைகளை ஒட்டி, இரண்டு வால் தொங்கவிட்டு,
பரோல் என்பான்.
எங்கள் பக்கம் பரோல் என்றால்
பாளையங்கோட்டை ஜெயிலிலிருந்து
பத்து நாள் வீட்டுக்கு வருவது என்றேன்.
நாமும் அதுதானே என்றான்.
ஒப்பந்தத்தில் இன்னும் நான்கு மாதம் மிச்சம்.

ஒரு ராத்திரி கோயில்களைப் பற்றி.
அவன் ஊர்க் கோயிலில்
படுத்திருக்கும் எருமை அகலம் சுவர்.
பவளக்கல். மணிக்கோபுரம் தள்ளி நிற்கும்,
பூமி உதறினால் யார் தலையிலும் விழாமலிருக்க.
சாந்தில் முட்டை வெள்ளை, ஊரே கொடுத்ததாம்.
எங்கள் சாந்தில் கருப்பட்டியும் கடுக்காயும் என்றேன்.
மஞ்சள் கரு என்னவாயிற்று?
மடத்தில் பலகாரம் ஆயிற்றாம்.
உங்களில் மீந்த கருப்பட்டி?
மீந்ததா? கொத்தனார் தின்றிருப்பார்.

எங்கள் கோபுரத்து வட்டச் சன்னலை
ஆடிக் கச்சான் உடைத்தது.
உடைந்த படத்தை அவனுக்குக் காட்டிய மறுவாரம்
ஏணியிலிருந்து நான் விழுந்தேன்.
சிங்கப்பூரில் என்னை இறக்கியபோது
மடியில் ஒரு பிஸ்கட் டின்னை வைத்தான்.
மணிலாத் துறைக்கு அவன் தங்கை கொண்டுவந்தது.
கப்பீஸ் சிப்பித் தகடு, நாற்பது,
உள்ளங்கைச் சதுரம், வெங்காயச் சருகு மெலிசு.
கண்ணாடி வராத காலத்தில்
எங்கள் சன்னலெல்லாம் இதுதான் என்றான்.

சென்னையில் சுங்க அதிகாரி:
என்ன இது?
சன்னல் சார்.
எங்கே சன்னல்?
ஒன்றை எடுத்துச் சாவியால் சுரண்டினார்.
முப்பத்தொன்பது.

பங்குப் பேரவை மூன்று முறை கூடியது.
சலோமி டீச்சர் அக்ரிலிக் விலைப்பட்டியலோடு வந்தார்.
சம்மனசு படம் இல்லாம என்ன சன்னல் என்றார் ஒருவர்.
அவன் நாட்டில் நடுங்குவது பூமி,
நம் ஊரில் கமிட்டி.
ஸ்தனிஸ்லாஸ் மேஸ்திரி மட்டும்
ஒரு தகட்டை வெயிலில் தூக்கிப் பிடித்து
வெகுநேரம் பார்த்தார்.
'நம்ம பக்கம் சிப்பின்னா காளவாய்க்குத்தான் போவும்.'
பிறகு கோயில் சுவரை முட்டியால் தட்டினார்.
'சுட்டா சுவரு. சுடாட்டா சன்னலு. போடலாம்டே.'

தேக்குச் சட்டம், நாற்பது கட்டம்.
ஒரு கட்டம் வெறுமையாக.
நவநாள் மன்றாட்டின் நடுவே
கொண்டல் அதில் புகுந்து விசிலடித்தது.
பீடச் சிறுவர்கள் சிரித்தார்கள்.
சாமியாரும்தான்.

கிறிஸ்மசுக்கு முந்தின நாள் மேஸ்திரி வந்தார்.
'கிரகணம் பாக்க வச்ச எக்ஸ்ரே ஏதும் கிடக்கா?'
கிடந்தது என் முழங்கால்தான்,
நாகர்கோவிலில் எடுத்தது, இரண்டு திருகாணியோடு.
அளவுக்குக் கத்தரித்துக்கொண்டு போனார்.

சாயங்காலப் பூசை.
முப்பத்தொன்பது சிப்பியில்
வடித்த கஞ்சியின் தெளிவைப் போல மேற்கு வெயில்
நெற்றிகளில், முக்காடுகளில் இறங்கியது.
நாற்பதாவது கட்டத்தில்
நீலமாய், மடங்கியபடி, அது.
எழுந்தேற்ற மணி அடித்ததும் ஊரே மண்டியிட்டது.
எனக்குப் பிளாஸ்டிக் நாற்காலி;
ஆபரேசனுக்குப் பிறகு கால் மடங்குவதில்லை.
அண்ணாந்து பார்த்தேன்.
யாரும் பார்ப்பதற்குள் குனிந்துகொண்டேன்.

படம் அனுப்பினேன்.
சூயசில் வரிசையில் நின்றதாம் கப்பல்,
மூன்று நாள் கழித்துத்தான் பதில்:
'ரொம்ப அழகு. அந்த மூலையில்
எந்தப் புனிதரின் திருப்பண்டம்?'

புனித ரொட்ரிகோ என்று எழுதினேன்.
இடது கால்.
தற்சமயம் பரோலில்.